புற்றும் புற்றுமண்ணும்

போன மாதம் சுகன்யா ஒரு படம் அனுப்பியிருந்தாள். என்னிடம் வேலை பழகியவள். இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். அது ஒரு பெட் ஸ்கேன் படம். உடம்பில் ஒளிர்கிற இடங்களைச் சுற்றிக் கம்ப்யூட்டரே சிவப்பு வட்டம் போட்டிருந்தது. “அண்ணாச்சி, இனிமே இதுவே கண்டுபிடிச்சிரும். நீங்க சரியான நேரத்துல ரிட்டயர் ஆயிட்டீங்க” என்று எழுதி, கீழே சிரிக்கிற பொம்மை ஒன்றையும் வைத்திருந்தாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நோயாளியின் மூத்திரப்பையைச் சுற்றியும் பயபக்தியோடு ஒரு வட்டம் இருந்தது. மருந்து வெளியேறுகிற வழி அது. எல்லோருக்கும் அங்கே ஒளிரும். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைப் பார்த்துத்தான் ஓடினேன். ஆகவே கம்ப்யூட்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நம்ம ஆள்தான் என்று தோன்றியது.

“மாடத்தி கேஸை எழுதித் தாங்க அண்ணாச்சி. புதுசா வந்தவங்களுக்குச் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க” என்று அடுத்து ஒரு செய்தி. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றபடி ஐம்பத்தைந்து வயதில் முதுகுவலிக்காக வேலையை விட்டவனுக்கு, சங்கரன்கோவிலில் வீட்டில் உட்கார்ந்து மனைவியின் சமையலில் குறை கண்டுபிடித்துத் திட்டு வாங்குவதே முழுநேர வேலையாகத்தான் இருக்கிறது.

நான் திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையில் அணு மருத்துவப் பிரிவில் டெக்னீஷியனாக இருந்தேன். ஊரிலிருந்து தினமும் பஸ். ‘ஸ்கேன் எடுக்கிறேன்’ என்று சொன்னால், “ஆம்பளப் புள்ளையா பொம்பளப் புள்ளையான்னு சொல்லுவியளோ?” என்று கண்ணடிப்பார்கள். ‘அணு’ என்று சொன்னால் டீக்கடையில் பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் நகர்ந்து உட்காருவார். இரண்டையும் சொல்லாமல் ‘ஆஸ்பத்திரியில் வேலை’ என்று முடித்துக்கொள்வேன்.

பயிற்சி சென்னையில், இரண்டு வருடம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுதான் உண்டு: பயந்தேன். கதிரியக்கத்தை அளக்க ஒரு மீட்டர் கொடுப்பார்கள். கதிர் இருக்கும் பக்கம் காட்டினால் படபடவென்று சத்தம் போடும். முதல் வாரம் அதை என் வயிற்றருகே கொண்டுபோனேன், சத்தம் போட்டது. நெஞ்சுக்குக் கொண்டுபோனேன், இன்னும் போட்டது. மருந்து என் மேல் சிந்திவிட்டது, நான் முடிந்தேன் என்று நினைத்து, அம்மாவுக்கு என்ன எழுதுவது என்றுகூட யோசித்துவிட்டேன். எனக்குப் பின்னால் ஊசி போட்டுக்கொண்ட நோயாளி ஒருவர் நின்று, “தம்பி, பாத்ரூம் எந்தப் பக்கம்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். மீட்டர் அவருக்குத்தான் அடித்தது.

பயம் போனது ஒரு படத்தைப் பார்த்த பிறகு. போனது என்று சொல்ல முடியாது, இடம் மாறியது. தைராய்டு புற்றுநோய்களில் பெரும்பாலானவை அயோடினுக்கு மயங்குபவை. நாம் உப்பில் தின்னும் அதே அயோடின். கதிரியக்க அயோடினை ஒரு மடக்கு குடிக்க வைத்தால், உடம்பில் எங்கே போய் ஒளிந்திருந்தாலும் அந்தச் செல்கள் அதை எடுத்துத் தின்றுவிட்டு, ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று ஒளி விடும். கழுத்தில் பிறந்தது நுரையீரலில் போய்க் குடியிருந்தாலும் தன் பழைய ருசியை மறப்பதில்லை. கறுப்புத் திரையில் ஒரு மனிதரின் இரண்டு நுரையீரலும் கார்த்திகை விளக்கு வைத்தது போல எரிந்ததை முதன்முதலில் பார்த்தபோது எனக்குக் கை கூப்பத் தோன்றியது. நோய்க்கு யாராவது கும்பிடு போடுவார்களா? எனக்கு அப்படித்தான் தோன்றியது.

ஆனால் அயோடினுக்கு மயங்காத ஒன்று உண்டு. மெடுல்லரி என்று பெயர். அபூர்வமானது. தைராய்டுக்குள்ளேயே குடியிருக்கும் வேறு வகைச் செல்லில் பிறப்பது. இது அயோடினைத் திரும்பியும் பார்க்காது. கால்சிடோனின் என்று ஒரு சுரப்பை மட்டும் ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். ரத்தப் பரிசோதனையில் அந்த அளவு ஏறுகிறது என்றால், எங்கேயோ இருக்கிறது என்று அர்த்தம். எங்கே என்றுதான் தெரியாது. வீட்டுக்குள் பூனை வந்து பாலைக் குடித்திருக்கிறது, பூனையைக் காணோம் என்கிற நிலைமை.

அந்தப் பூனையைத் தேடுவதற்கு எங்களிடம் ஒரு மாடு இருந்தது.

காலியம் என்ற கதிரியக்கப் பொருளைத் தரும் ஜெனரேட்டரைத்தான் நாங்கள் மாடு என்போம். ஈயக் கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். காலையில் ஒரு முனையில் அமிலத்தைச் செலுத்தினால் மறு முனையில் காலியம் சொட்டும். அதுதான் கறப்பது. நாலு மணி நேரம் விட்டால் மறுபடி சுரக்கும். பெயரே காலியம், அறுபத்தெட்டு நிமிடத்தில் பாதி காலியாகிவிடும். அடுத்த அறுபத்தெட்டில் மீதியில் பாதி. கறந்ததும் அதை ஒரு தூது மருந்தோடு சேர்த்து, சூடாக்கி, சுத்தம் பார்த்து, ஊசியில் ஏற்றி, நோயாளிக்குப் போட்டு, ஒரு மணி நேரம் காத்திருந்து படம் எடுக்க வேண்டும். அந்தத் தூது மருந்து, இந்தக் கட்டிச் செல்களின் மேல் இருக்கும் கொக்கிகளில் போய் மாட்டிக்கொள்ளும். எல்லா மெடுல்லரியிலும் மாட்டும் என்று சத்தியம் செய்ய முடியாது. மாட்டினால் தெரியும்.

எங்கள் டாக்டர் லலிதா மேடத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. தஞ்சாவூர்ப் பக்கம். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உயர்த்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். படம் பார்க்கும்போது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்வார். மௌஸ் என் கையில். முதல் வார்த்தை எப்போதும் ஒன்றுதான்: “கலரை எடுங்க.” மருந்து ஒளிரும் பெட் படத்தையும், எலும்பும் சதையும் காட்டும் சிடி ஸ்கேன் படத்தையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஆரஞ்சும் மஞ்சளுமாகக் காட்டுவது எங்களுக்குப் பெருமை. அவருக்கு அது கல்யாண ஆல்பம். கறுப்பு வெள்ளையில், அதுவும் பாதத்திலிருந்துதான் ஆரம்பிப்பார். கழுத்து வியாதிக்குக் கால் விரலிலிருந்தா என்று நான் ஒருநாள் கேட்டேன். “கேள்வி இருக்கிற இடத்தை முதல்ல பார்த்துட்டா, மத்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாது சங்கரலிங்கம்” என்றார்.

இன்னொரு சட்டமும் அவருடையது. திரையில் படம் வந்ததும் ஐந்து நிமிடம் யாரும் கதவைத் திறந்து வெளியே போகக் கூடாது. “வெளில உட்கார்ந்திருக்கிறவங்க ரிப்போர்ட்டைப் படிக்க மாட்டாங்க. உங்க முகத்தைத்தான் படிப்பாங்க” என்பார்.

மாடத்தி வந்தது அப்படி ஒரு காலத்தில். மேலநீலிதநல்லூர்ப் பக்கத்தில் ஒரு கிராமம். நாற்பத்தைந்து வயதிருக்கும். நாற்பது ஆடு வைத்திருக்கிறவர். கூட வந்தவர் கணவர் வேலுச்சாமி. இரண்டு வருடத்துக்கு முன்னால் வேறு ஓர் ஊரில் தைராய்டை எடுத்திருந்தார்கள். மெடுல்லரி. இப்போது கால்சிடோனின் ஏறிக்கொண்டே வருகிறது. கழுத்திலேயே மிச்சம் இருக்கிறது என்றால் வியாழக்கிழமை திறந்து எடுத்துவிடலாம் என்று அறுவைச் சிகிச்சை டாக்டர் சொல்லியிருந்தார். ஈரலுக்கோ எலும்புக்கோ போயிருந்தால் அறுவை இல்லை, மாத்திரைதான், முடிந்தவரை. அன்றைக்குத் திங்கள். எங்கள் படத்தைப் பார்த்துத்தான் முடிவு.

எங்கள் ஊர்ப் பக்கம் என்று தெரிந்ததும் நான் வழக்கம்போல வாயைத் திறந்தேன். அதற்குள் சுகன்யா உள்ளேயிருந்து, “அண்ணாச்சி, மாட்டைக் கறந்தாச்சு” என்று குரல் கொடுத்தாள்.

மாடத்தி நிமிர்ந்து பார்த்தார். “ஆசுபத்திரிக்குள்ள மாடு கெட்டியிருக்கீயளா?”

“ஆமா தாயி. ஈயத்துல தொழுவம்.”

“எத்தன வேள கறப்பிய?”

“ரெண்டு வேள.”

“கன்னுக்குட்டிக்கு விடுவியளா?”

“கன்னுக்குட்டியே நீங்கதான்.”

அவர் சிரித்த சிரிப்பில் வேலுச்சாமிக்கும் ஒரு சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் போனது.

படிவத்தில் இரண்டு கேள்விகள். காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா? “பச்சத் தண்ணி பல்லுல படல.” மருந்து, மாத்திரை ஏதாவது எடுத்தீர்களா? “மாத்திரையெல்லாம் வீட்டுல இருக்கு. எடுக்கக் கூடாதுன்னு சொன்னியள்ளா.” இரண்டுக்கும் ‘இல்லை’ என்று டிக் அடித்தேன். பத்தேகாலுக்கு ஊசி. பதினொன்றேகாலுக்கு மெஷினில் படுக்க வைத்தோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு, “ஆட்டுக்கு மயிர் வெட்டுத மாதிரி அசையாமக் கெடக்கணும், அதான?” என்றார்.

பதினொன்றே முக்காலுக்குப் படம் விழுந்தது. மேடம் மாடியில் ஒரு கூட்டத்தில் இருந்தார். மாடத்தி உடை மாற்றிக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தார். நான் ஆல்பத்தைத் திறந்தேன். ஆரஞ்சும் மஞ்சளுமாகக் கல்லீரலின் கீழ் விளிம்பில் மூன்று புள்ளி ஒளிர்ந்தது.

எனக்கு முதலில் காது அடைத்தது. பிறகு தாகம் எடுத்தது. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன், எத்தனையோ பேருக்கு இதைவிட மோசமாகப் பார்த்தவன், அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருந்ததால், சட்டத்தை மறந்து கதவைத் திறந்து தண்ணீர் குடிக்கப் போனேன். வேலுச்சாமி எழுந்து நின்றார்.

“அண்ணாச்சி, எப்படி வந்திருக்கு?”

“டாக்டரம்மா வந்து சொல்லுவாங்க” என்றேன். அது சரியான பதில். அத்தோடு போயிருக்கலாம். அவர் தோளில் கையை வைத்து, “சாப்ட்டீங்களா?” என்று கேட்டேன்.

எங்கள் பக்கத்தில் ஒருவன் இன்னொருவன் தோளில் கை வைத்து மெதுவாகச் சாப்பிட்டாயா என்று கேட்டால் என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு மட்டும் அது தண்ணீர் குடித்த பிறகுதான் தெரிந்தது. தெரிந்தும், திரும்பிப் போய்ச் சரி செய்யத் தைரியம் இல்லாமல் உள்ளே போய் ஒளிந்துகொண்டேன்.

பன்னிரண்டு மணிக்கு மேடம் வந்தார். கைகளைப் பின்னால் கட்டினார். “கலரை எடுங்க.” பாதத்திலிருந்து மேலே வந்தோம். முழங்கால், இடுப்பு, முதுகெலும்பு. எலும்பில் ஒன்றும் இல்லை. கல்லீரல் விளிம்புக்கு வந்ததும் நிறுத்தினார். “சிடியை மட்டும் காட்டுங்க.” அந்த இடத்தில் சாம்பல் நிறக் கல்லீரலை ஒட்டி, பெருங்குடல் மடங்கித் திரும்பும் மூலையில், எலும்பைவிட வெள்ளையாக மூன்று திட்டு.

“பேரியம் ஏதாவது குடிச்சாங்களா?” குடலை எக்ஸ்ரேயில் வெள்ளையாகக் காட்டக் குடிக்க வைக்கும் மாவு அது.

“இல்ல மேடம். எதுவுமே சாப்பிடல. டிக் அடிச்சிருக்கேன்.”

“டிக்கை நான் கேட்கல.”

அப்புறம் எனக்குப் பாடம் எடுப்பது போல இல்லாமல், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார். உள்ளிருந்து வரும் கதிர் வெளியே வருவதற்குள் உடம்பிலேயே கொஞ்சம் அமுங்கிப் போகும். எவ்வளவு அமுங்கியிருக்கும் என்று சிடியைப் பார்த்துக் கணக்குப் போட்டு மெஷின் கூட்டிக் காட்டும். எலும்பு மாதிரிக் கெட்டியாக ஏதாவது எதிர்ப்பட்டால் அதிகமாகக் கூட்டும். குடலில் அப்படி ஒன்று கிடந்தால், இல்லாத வெளிச்சத்தையும் இருப்பதாகக் காட்டிவிடும். கூட்டாத படத்தைத் திறக்கச் சொன்னார். இரண்டு புள்ளி மங்கின. மூன்றாவது சந்தேகமாகவே நின்றது. கல்லீரலே இந்த மருந்தைக் கொஞ்சம் எடுக்கும் என்பதால், ஒட்டிக் கிடப்பதைப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“நல்லா சாப்பிட வச்சு, ஒரு மணி நேரம் கழிச்சு வயித்தை மட்டும் இன்னொரு தடவை எடுப்போம். குடல்ல இருக்கிறது நடக்கும். கட்டி நடக்காது. ரெண்டு மணிக்கு மேல போனா மருந்து மிச்சம் இருக்காது. போய் என்ன சாப்பிட்டாங்கன்னு கேளுங்க.”

போய்க் கேட்டேன். கேட்க ஆள் இல்லை. நாற்காலியில் எங்கள் தண்ணீர் பாட்டில் மட்டும் இருந்தது. பக்கத்தில் இருந்த அம்மா சொன்னார்: “அவ்வோ ஊருக்குப் போயிட்டாவளே. அந்த அண்ணாச்சி ‘வா மாடத்தி, வீட்டுக்குப் போவோம்’ன்னு கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாவ.”

எப்படி ஆட்டோ பிடித்தேன் என்று ஞாபகம் இல்லை. ஸ்கேன் அறையின் ரப்பர் செருப்போடு போயிருக்கிறேன், அதுவும் இரண்டும் இடது கால். ஆட்டோக்காரர், “பஸ் ஸ்டாண்டுக்கா, பைத்தியக்கார ஆசுபத்திரிக்கா?” என்று கேட்டதாக ஞாபகம். போகிற வழியெல்லாம் மனது நிமிடத்தை எண்ணியது. ஊசி போட்டு இரண்டு மணி நேரம். நாலில் ஒரு பங்கு கூட மிச்சமில்லை என்று நினைத்தேன். பிறகு கொஞ்சம் இருக்கிறது என்று நினைத்தேன். கணக்கு வராமல் டிரைவரை விரட்டினேன்.

சங்கரன்கோவில் பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. தொங்கிக்கொண்டே ஏறினேன். நடுவில், ஜன்னல் ஓரத்தில் மாடத்தி. பின்னங்கையில் நாங்கள் குத்திய ஊசிக்குழாய் பிளாஸ்திரியோடு அப்படியே இருந்தது. பக்கத்தில் வேலுச்சாமி மடியில் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, எதையோ உருட்டிக்கொண்டிருந்தார்.

“எறங்குங்க, இன்னொரு தடவ படம் எடுக்கணும்” என்றேன், மூச்சுக்கு நடுவில்.

வேலுச்சாமி நிமிரவில்லை. “விட்டுருங்க அண்ணாச்சி. நீங்க தோள்ல கை வச்சியள்ளா, அப்பவே தெரிஞ்சுபோச்சு. கிழிச்சு கஷ்டப்படுத்தாண்டாம். அவ ஆட்டோட ஆடா வீட்டுல கெடக்கட்டும்.”

“நாந்தான் சொன்னேன்” என்றார் மாடத்தி. “வரும்போது அண்ணாச்சி சிரிச்சாவ, போவும்போது சிரிக்கலன்னு.”

“எறங்குதீயளா, ஏறுதீயளா வே?” என்றார் கண்டக்டர்.

வேலுச்சாமி அந்த உருண்டையை மாடத்தியின் கையில் கொடுத்தார். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டார். எனக்கு அப்போதுதான் அதன் மண் நிறம் கண்ணில் பட்டது.

“என்னது அது?”

“புத்துமண்ணு. அம்மன் கோயில் புத்துமண்ணு. நீங்க நம்மூருதான, தெரியாதா?”

தெரியாதா? என் வீட்டுப் பூஜை அலமாரியில் நாலு பொட்டலம் இருக்கிறது. சொறி வந்தாலும் சிரங்கு வந்தாலும் அதைக் குழைத்துப் பூசித்தான் வளர்ந்தேன்.

“காலைலயும் போட்டீயளா?”

“மூணு நாளா மூணு வேள” என்றார் வேலுச்சாமி. “நெல்லிக்கா அளவு. படம் நல்லபடியா வரணும்னு. பேரே புத்துநோயின்னு சொல்லுதாவ. புத்துக்குப் புத்துமண்ணுதான மருந்து.”

“நான் கேட்டேனே, ஏதாவது சாப்பிட்டீயளான்னு?”

மாடத்திக்குக் கோபம் வந்துவிட்டது. “அது சாப்பாடா? அது மருந்தா? அம்மன் பிரசாதம் அண்ணாச்சி. அத யாராவது சாப்பிட்டேன்னு சொல்லுவாவளா? வாயில போட்டேன்.”

அவர் பொய் சொல்லவில்லை. என் படிவத்தில்தான் அந்த வார்த்தை இல்லை. போனை எடுத்தேன்.

“மேடம், அது புத்து இல்ல. புத்துமண்ணு.”

“சங்கரலிங்கம், மூச்சு விட்டுட்டு முழுசா சொல்லுங்க.”

நான் முழுசாகச் சொல்லச் சொல்ல, சங்கரன்கோவில் பஸ் முழுவதும் அதைக் கேட்டது. முன் சீட்டுக்காரர், “புத்துமண்ணு தின்னா என்னவே தப்பு?” என்று சண்டைக்கு வந்தார். பின்னால் ஒரு அம்மா தன் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, “இதுவும் வேணுமா?” என்றார். மேடம் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது ஒன்றே ஒன்று: “அந்தப் பொட்டலத்தையும் கொண்டு வர முடியுமா?”

வேலுச்சாமி என்னைப் பார்த்தார். “நெசமாத்தான் சொல்லுதியளா? இல்ல எங்கள எறக்கதுக்கா?”

என்ன சொல்வது? அங்கே பொய் சொல்வது சுலபம். “எனக்குத் தெரியாது வேலுச்சாமி. மண்ணா இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் இருக்கும். என் மூஞ்சிய நம்பித்தான நீங்க கெளம்பி வந்தீய? அது ஒண்ணும் தெரியாத மூஞ்சி. தெரியாம வீட்டுக்குப் போவாண்டாம். அவ்வளவுதான்.”

முதலில் எழுந்தது மாடத்தி. “எறங்குங்க. கையில வேற இத மாட்டி வச்சிருக்காவ. இதோட ஆட்டுக்குக் கொழ ஒடிக்க முடியாது.”

மேடம் வாசலிலேயே நின்றிருந்தார். பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கினார். முதலில் மாடத்தியைச் சாப்பிட அனுப்பினார்: “நல்லா வயிறு நிறைய. குடல் நடக்கணும்.” பிறகு சுகன்யாவிடம் மெஷினைத் தயார் செய்யச் சொல்லி, யாருமில்லாத படுக்கையின் நடுவில் ஒரு கிண்ணத்துத் தண்ணீரையும் அந்தப் பொட்டலத்தையும் வைத்தார். புற்றுமண்ணுக்கு மட்டும் ஒரு சிடி. திரையில் தண்ணீர் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடக்க, மண் வெள்ளை வெளேரென்று விழுந்தது. மாடத்தியின் வயிற்றில் பார்த்த அதே வெள்ளை.

மேடம் பொட்டலத்தை எடுத்து மடித்து என்னிடம் தந்தார். அவர் கேலி செய்திருந்தால் நான் கோபப்படத் தயாராக இருந்தேன். அவர், “மண்ணுன்னு தெரிஞ்சுது. அதுக்கு அடியில வேற ஒண்ணு இல்லேன்னு இன்னும் தெரியல” என்றார்.

ஒன்றரை மணிக்கு மாடத்தி மறுபடி படுத்தார். உடம்பில் மருந்து எட்டில் ஒரு பங்குதான் இருக்கும். அதனால் நிமிடங்களைக் கூட்டி, மெஷினை மெதுவாக நகர்த்தினோம். வயிறோடு கழுத்தையும் சேர்த்து எடுக்கச் சொன்னார் மேடம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நின்ற நிலையை எழுதக் கூடாது. புதிதாக வேலைக்கு வந்தவர்கள் படிப்பார்கள்.

படம் வந்தது. கறுப்பு வெள்ளை. பாதம் இல்லை, வயிற்றிலிருந்து ஆரம்பம். கல்லீரலின் கீழ் விளிம்பு சுத்தமாக இருந்தது. மூன்று திட்டும் அங்கே இல்லை. குடலின் குறுக்குப் பாதையில் நாலு விரற்கடை தள்ளி, ஒன்றன் பின் ஒன்றாக, சந்தைக்குப் போகிற ஆடுகள் மாதிரிப் போய்க்கொண்டிருந்தன. விட்டுப்போன இடத்தில் எதுவும் ஒளிரவில்லை.

“ம்” என்றார் மேடம்.

அந்த ‘ம்’முக்கு நான் உட்கார்ந்துவிட்டேன். “எழுந்திருங்க. இன்னும் கழுத்து இருக்கு” என்றார்.

மேலே போனோம். நெஞ்சு. தோள். எல்லாம் மங்கல், காலையில் ஒளிர்ந்த இடங்கள்கூட அணைகிற அடுப்பு மாதிரி இருந்தன. “இங்க நிறுத்துங்க.” காறை எலும்புக்குப் பின்னால், மூச்சுக்குழாயின் இடது பக்கத்தை ஒட்டி, ஒரு மிளகு. மிளகுதான், அதற்கு மேல் இல்லை. சுற்றிலும் எல்லாம் இருண்டுகொண்டு வர, அது மட்டும் இருளவில்லை. காலைப் படத்தைத் திறந்தோம். அங்கேயும் இருந்தது, அதே இடத்தில். நான் ஈரலைப் பார்த்துப் பயந்து ஓடிய அவசரத்தில் கவனிக்காமல் விட்டது.

இதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. காலையில் ஈயக் கூட்டிலிருந்து சொட்டாகக் கறந்த ஒன்று. கண்ணால் பார்க்க முடியாதது. நாழிகைக்கு நாழிகை செத்துக்கொண்டிருப்பது. அது ஒரு மனுஷியின் உடம்பு முழுக்கச் சுற்றி, இத்தனை ரத்தத்திலும் சதையிலும் எலும்பிலும் அலைந்து, அந்த ஒரு மிளகைக் கண்டுபிடித்து, அதன் மேல் உட்கார்ந்து, தான் முழுக்கத் தீர்ந்துபோவதற்குள் எங்களைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுப் போகிறது. இவ்வளவு வருடம் இதையே செய்தவனுக்கு அன்றைக்குத்தான் உடம்பு சிலிர்த்தது. மேடம் பின்னால் கட்டியிருந்த கைகளை அவிழ்த்து, ஒரு விரலால் திரையைத் தொட்டார். அவர் திரையைத் தொட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அவரே வெளியே போய், தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த வேலுச்சாமிக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். ஈரலில் இல்லை. எலும்பில் இல்லை. கழுத்துக்குக் கீழே ஒன்று இருக்கிறது. எடுக்கலாம். மாடத்திதான், “அப்ப மண்ண வாயில போடலாமா, கூடாதா?” என்று கேட்டார்.

“வியாழன் வரைக்கும் நெத்தியில போட்டுக்குங்க” என்றார் மேடம்.

படிவத்தில் மறுநாளே மூன்றாவது கேள்வி ஏறியது: ‘கோயில் பிரசாதம், விபூதி, மண் ஏதாவது வாயில் போட்டீர்களா?’ மேடம் சொல்ல நான் எழுதியது. என்னிடம் அவர் வேறொன்றும் கேட்கவில்லை. “நேத்து எவ்வளவு தூரம் ஓடினீங்க?” என்று மட்டும் கேட்டார். அதுதான் எனக்குக் கிடைத்த திட்டு.

வியாழக்கிழமை அறுவை. எங்கள் படத்தைச் சுவரில் மாட்டி வைத்துக்கொண்டு அந்த மிளகை எடுத்தார்கள். சுற்றியிருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். பரிசோதனையில் அந்த ஒன்றில் மட்டும்தான் நோய் இருந்தது. ஆனாலும் அத்தோடு முடிந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. ரத்தத்தில் கால்சிடோனின் இறங்கியதா என்று பார்த்த பிறகுதான் தெரியும். அதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார் மேடம்.

அந்த வாரங்களில் என் போனில் எந்த மணி அடித்தாலும் தூக்கிவாரிப் போட்டது. காஸ் சிலிண்டர்காரர் கூப்பிட்டதற்குக்கூட, “ரிசல்ட் என்ன?” என்று கேட்டிருக்கிறேன்.

ஒருநாள் காலை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது வேலுச்சாமி கூப்பிட்டார். ரத்தம் கொடுத்த இடத்தில் காகிதம் வாங்கிவிட்டார்கள். டாக்டரைப் பார்க்க நாளைக்குத்தான் போக வேண்டுமாம். அதுவரை பொறுக்கவில்லை.

“அண்ணாச்சி, இதுல நம்பருக்கு முன்னால என்னமோ ஒரு குறி போட்டிருக்கு. கோழிக்கால் மாதிரி. அதுக்குப் பொறவு ரெண்டுன்னு இருக்கு.”

“கோழிக்கால் எந்தப் பக்கம் பாத்து நிக்கி?”

“மூக்கு எடது பக்கம். வாய் தொறந்திருக்கது அந்த ரெண்டப் பாத்து.”

கேட்டதும் பக்கத்தில் இருந்த கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். என் பஸ் வந்தது, நின்றது, போனது.

“வேலுச்சாமி, அதுக்கு ரெண்டுக்குக் கீழன்னு அர்த்தம். அந்த மெஷினால அதுக்குக் கீழ பாக்க முடியாது. தேடிப் பாத்தாவ, அகப்படல.”

“அப்ப இல்லைன்னுதான?”

இத்தனை வருடமும் கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம் வாங்கினேன். கண்டுபிடிக்க முடியவில்லை என்பதைச் சொல்ல இவ்வளவு சந்தோஷப்பட்டது எனக்கே வேடிக்கையாக இருந்தது. “மெஷின் இல்லைன்னு சொல்லாது. அகப்படலன்னுதான் சொல்லும். ஆறு மாசத்துக்கு ஒருக்க பாத்துக்கிட்டே இருக்கணும். ஆனா இன்னைக்கு அகப்படல.”

போன் கை மாறியது. பின்னால் ஆடுகளின் சத்தம்.

“அண்ணாச்சி, அகப்படலன்னா சொல்லுதிய?”

“ஆமா தாயி.”

“என் ஆட்டுல ஒண்ணு அகப்படலன்னா ஊரெல்லாம் தேடி அழுவேன்” என்றார் மாடத்தி. “இது அகப்படாமப் போட்டும், விடுங்க.”